புது ஸ்போர்ட் பைக், கூடவே சில தொந்தரவுகள்: வாங்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். விற்பனைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இரட்டை சிலிண்டர் ஸ்போர்ட் பைக் ஒன்றின் மேல் உங்களுக்கு ஆசை. ஓட்டிப் பார்த்தீர்கள், பிடித்துவிட்டது. ஆனால் வாங்கியவர்களில் சிலர் மூன்று குறை சொல்கிறார்கள். வண்டியை நிறுத்தப் போகும்போது இன்ஜின் ஆஃப் ஆகிறது. நாலு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. இரண்டு மூன்று பேருக்கு இன்ஜினையே திறக்க வேண்டி வந்திருக்கிறது. உங்களிடம் வேறு வண்டி இல்லை, வேலைக்கும் இதில்தான் போக வேண்டும். சர்வீஸ் சென்டர் அரை நாள் பயண தூரத்தில் இருக்கிறது.

என் பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே இரண்டு விஷயம், வேறு வண்டி இல்லை, சர்வீஸ் சென்டர் தூரம் என்று, அவைதான் என்னைத் தடுக்கின்றன. அந்த மூன்று குறைகளைப் பொறுத்தவரை, இரண்டோடு வாழ்ந்துவிடலாம். மூன்றாவது மட்டும் வேறு சாதி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இன்ஜின் ஆஃப் ஆவது முதலில். ஐரோப்பாவில் 2020-ல் யூரோ 5 புகை விதி வந்தபிறகு, அந்தச் சந்தைக்கும் சேர்த்துத் தயாராகும் பெரிய பைக்குகள் குறைந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) பெட்ரோலைக் கிள்ளிக் கிள்ளித்தான் கொடுக்கின்றன. ஓடும்போது த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டர்) முழுக்க மூடினால் இஞ்செக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். அந்த நிலையில் கிளட்சைப் பிடித்தால் ஆர்பிஎம் மளமளவென்று இறங்கும். ஐடிலுக்கு, அதாவது த்ராட்டிலைத் தொடாமல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும் நிலைக்கு, வந்ததும் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது ஈசியூவின் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொறுப்பு. ஸ்போர்ட் இன்ஜின்களில் சுழலும் பாகங்கள் எடை குறைவானவை, ஆகவே ஆர்பிஎம் விழும் வேகமும் அதிகம். ஈசியூ ஒரு கணம் தாமதித்தால் போதும், ஆஃப். புது மாடல்களில் இது பெரும்பாலும் சாஃப்ட்வேர் விஷயம். கம்பெனி ஒன்றிரண்டு அப்டேட் விட்டுச் சரிசெய்துவிடும். சில வண்டிகளில் இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடிகளைச் சமன்படுத்தினாலோ, த்ராட்டில் நிலையை ஈசியூவுக்கு மறுபடி கற்றுக்கொடுத்தாலோ போதும்.

ஆனால் இதை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. நேராக வந்து நிற்கும்போது ஆஃப் ஆனால் எரிச்சல் மட்டும்தான். மெதுவாக வளைந்து திரும்பும்போது ஆஃப் ஆனால் வண்டி கீழே விழும், லீவரும் ஃபேரிங்கும் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) உடையும். ஆகவே டெலிவரிக்கு முன்பே கடைசி அப்டேட் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியில் ரீமேப், அதாவது ஈசியூவின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவது, செய்துகொள்ளச் சொல்பவர்கள் இருப்பார்கள். வண்டி நன்றாகவே ஓடும், சந்தேகமில்லை. ஆனால் வாரன்டி காலத்தில் அதைச் செய்தால், பின்னால் இன்ஜினில் எது கெட்டாலும் கம்பெனி கை காட்டப்போவது அந்த ரீமேப்பைத்தான்.

பேட்டரி குறையில் இரண்டு வேறு வியாதிகள் ஒரே அறிகுறியோடு வருகின்றன. பேசுபவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று, வண்டி நிற்கும்போது அலாரம், டிராக்கர், சாவியில்லா பூட்டு போன்றவை சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை இழுப்பது. ஸ்போர்ட் பைக்கில் எடையை மிச்சம் பிடிக்கச் சின்ன பேட்டரிதான் வைப்பார்கள், அது சீக்கிரம் காலியாகும். இதற்கு மெயின்டனன்ஸ் சார்ஜர் ஒன்றை மாட்டிவைத்தால் தீர்ந்தது. இன்னொன்று, ஓடும்போதே சார்ஜ் ஏறாதது. இதில்தான் ஆபத்து.

பிரித்தறிய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.2 என்றால் பாதி காலி. ஸ்டார்ட் செய்து 4,000 ஆர்பிஎம் சுற்றுக்குக் கொண்டுபோனால் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் காயிலிலோ, அதை பேட்டரிக்கு ஏற்றபடி சீராக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரிலோ, அவற்றை இணைக்கும் கனெக்டரிலோ கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது என்று பொருள், பேட்டரியையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.

ரெகுலேட்டர் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை, ஏனென்றால் ஸ்போர்ட் பைக்குகளின் மின் கோளாறுகளில் பல இதிலிருந்து கிளம்புபவை. ஸ்டேட்டர், இன்ஜின் சுற்றும்வரை முழு வேகத்தில் மின்சாரம் தயாரித்துக்கொண்டே இருக்கும். அதை நேரடியாகக் குறைக்க வழியில்லை. பழைய ஷன்ட் வகை ரெகுலேட்டர், தேவைக்கு மிஞ்சியதை ஷார்ட் செய்து வெப்பமாக்கும். ரெகுலேட்டரும் சுடும், ஸ்டேட்டரும் சுடும். காற்றே படாத இடத்தில், ஃபேரிங்குக்குள், எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதைப் பொருத்திவிட்டால் கேட்கவே வேண்டாம். முதல் தலைமுறை டிரையம்ஃப் டேடோனா 675 வைத்திருந்தவர்களுக்கும், ஹோண்டா விஎஃப்ஆர்800 வைத்திருந்தவர்களுக்கும் இந்தக் கதை மனப்பாடம். மிஞ்சும் மின்சாரத்தை எரிக்காமல் துண்டித்துவிடும் சீரீஸ் வகை வந்தபிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் வண்டியில் எந்த வகை, எந்த இடத்தில் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரிந்தால் அந்த சர்வீஸ் சென்டர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வரும்.

இன்னொன்று. இந்தக் கால வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் அதிகமாகச் சரிந்தால் ஏபிஎஸ் விளக்கு, டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு, இன்ஜின் விளக்கு எல்லாம் சேர்ந்து எரியும். குயிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவுவது) வேலை செய்யாது. வைத்திருப்பவர் ஐந்து குறை என்று எழுதுவார். உண்மையில் ஒரே ஒரு சோர்ந்துபோன பேட்டரி. குறைகளின் பட்டியலைப் பார்த்து மிரளும் முன் இதை நினைவில் வையுங்கள்.

சரி, இன்ஜின். இதில்தான் நான் நிதானிப்பேன். முதல் வருட வண்டிகளில் இன்ஜின் உள்பாகக் குறை வருவது புதிதல்ல, பேர்போன கம்பெனிகளும் விலக்கல்ல. 2011 மாடல் கவாசாகி இசட்எக்ஸ்-10ஆர் வண்டிகளின் விற்பனை, வால்வு ஸ்பிரிங் பிரச்சினைக்காக 2010 இறுதியில் பாதியில் நிறுத்தப்பட்டது. வால்வைத் திறக்கும் இன்டேக் கேம்ஷாஃப்ட், ஸ்பிரிங், அதைப் பிடித்திருக்கும் ரிட்டெய்னர் எல்லாம் மாற்றித்தான் மறுபடி கொடுத்தார்கள். 2015-ல் வந்த யமஹா ஆர்1-ல் இரண்டாவது கியரின் பல்லுக்கு உடையும் அபாயம் இருந்தது. ரீகால் செய்து, அதாவது விற்ற வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்து, கியர்பாக்ஸை மாற்றினார்கள். ஏப்ரிலியா ஆர்எஸ் 660 வந்த புதிதில் முதல் தொகுதி இன்ஜின்களில் கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) குறை தெரிந்தது. 2021-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்ஜினையே மாற்றிக்கொடுத்தார்கள். 2008 ஹோண்டா சிபிஆர்1000ஆர்ஆர் நல்ல வண்டிதான், ஆனால் ஆயில் குடிப்பதில் பேர் வாங்கியது.

இவற்றில் முதல் மூன்றிலும் குறை வெளிப்பட்டது, கம்பெனி ஒப்புக்கொண்டது, காரணம் என்னவென்று தெரிந்தது, மாற்றுப் பாகம் வந்தது. அதற்குப் பிறகு அந்த மாடல்களை நம்பி வாங்க முடிந்தது. ஆகவே ரீகால் என்ற சொல்லைக் கேட்டதும் ஓட வேண்டியதில்லை. எனக்கு ரீகால் ஆன வண்டி மேல் இருக்கும் நம்பிக்கை, பலரும் குறை சொல்லியும் கம்பெனி வாயே திறக்காத வண்டி மேல் இல்லை. கேடிஎம்மின் 790, 890 இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் தேய்வது பற்றி வைத்திருப்பவர்கள் எவ்வளவு காலம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். குறை எத்தனை சதவீத வண்டிகளில் என்பது வெளியே யாருக்கும் தெரியாது என்பதுதான் அதில் பெரிய தொல்லை. தெரியாததை வாங்குபவர் சுமக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வண்டியில் அந்த "இரண்டு மூன்று பேர்" என்ன சொல்கிறார்கள் என்பதை உன்னிப்பாகப் படியுங்கள். எண்ணிக்கையை விடுங்கள். வண்டி நன்றாக ஓடினால் அவர் ஓட்டிக்கொண்டிருப்பார், எழுத உட்கார மாட்டார். ஒரே பாகம், ஏறத்தாழ ஒரே கிலோமீட்டரில், ஒருவரை ஒருவர் அறியாத ஆட்களுக்குக் கெடுகிறதா? அப்படியென்றால் அது வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உள்ள குறை. மூவருக்கும் மூன்று வெவ்வேறு பாகம் என்றால் துரதிர்ஷ்டமாக இருக்கலாம், அசெம்பிளியில் கவனக்குறைவாகவும் இருக்கலாம். அவர்களின் வண்டிகள் எந்த மாதம் தயாரானவை என்றும் பாருங்கள். மூன்றும் ஆரம்பத் தொகுதி என்றால் நல்ல அறிகுறி, பின்னால் வந்தவற்றில் திருத்தியிருக்க வாய்ப்புண்டு.

அதை உறுதிசெய்ய ஸ்பேர் பாக எண் உதவும். ஒரு பாகத்தைக் கம்பெனி திருத்தினால் அதன் எண் மாறும், பழைய எண்ணைத் தேடினால் "இதற்குப் பதில் இது" என்று புது எண் வரும். வெளியே ஒரு வார்த்தை சொல்லாத கம்பெனியும் பாகப் பட்டியலில் மாட்டிக்கொள்ளும். சர்வீஸ் சென்டரில் ஸ்பேர் பார்க்கும் ஆளிடம் நட்பாகப் பேசினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விற்பனைப் பிரிவில் இதைக் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டி.

இதோடு, குறையே அல்லாதவற்றைக் குறைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். தொடைக்கு வரும் சூடு, நின்றாலும் ஓடும் ரேடியேட்டர் ஃபேன், முதல் கியர் விழும்போது "டொக்" என்ற சத்தம், முழங்கையை மட்டும் காட்டும் கண்ணாடி, எப்போதாவது மாட்டும் ஃபால்ஸ் நியூட்ரல் (இரண்டு கியருக்கு நடுவில் எதிலும் விழாமல் நிற்பது), மணிக்கட்டு வலி. ஸ்போர்ட் பைக் என்றால் இவையெல்லாம் சேர்ந்துதான் வரும். தினமும் நெரிசலில் வேலைக்குப் போக இவை ஒத்துவருமா என்பது வேறு கேள்வி. நேர்மையாகச் சொன்னால் எனக்கு ஒத்துவராது.

பராமரிப்பு இடைவெளியும் வண்டிக்கு வண்டி நிறைய மாறும், இதை யாரும் டெஸ்ட் ரைடில் பார்ப்பதில்லை. யமஹா ஆர்7-ல் வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி) பார்ப்பது ஏறத்தாழ 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. டுகாட்டி பனிகாலே வி4-ல் 24,000. அதே டுகாட்டி 2025-ல் கொண்டுவந்த புது வி2 இன்ஜினில், டெஸ்மோவை (ஸ்பிரிங் இல்லாமல் வால்வை மூடும் டுகாட்டியின் முறை) விட்டு சாதாரண ஸ்பிரிங் வால்வுக்கு மாறியதால், 45,000-க்கு நீட்டியிருக்கிறது. வேலைக்கும் அதே வண்டி என்றால் கிலோமீட்டர் வேகமாக ஏறும். உங்கள் கணக்கில் அந்தச் சர்வீஸ் எத்தனை மாதத்தில் வரும், அப்போது வண்டி எத்தனை நாள் உள்ளே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த இரண்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குறையின் அளவை நான் "எத்தனை நாள் வண்டி இல்லாமல் இருப்பேன்" என்றுதான் அளப்பேன். வாரன்டி பாகத்தைத் தரும், வேலைக்கூலியைத் தரும். நாட்களைத் தராது. சர்வீஸ் சென்டர் அடுத்த தெருவில் இருந்து, ஸ்பேர் கையிருப்பில் இருந்தால் ரெகுலேட்டர் மாற்றுவது ஒரு மதிய வேலை. அதே ரெகுலேட்டர், அரை நாள் தூரத்தில், வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், பாகத்துக்குக் காத்திருந்தால் மாதக் கணக்கு. வீட்டில் இன்னொரு ஸ்கூட்டர் இருப்பவர் அந்த ஒரு மாதத்தைச் சிரித்துக்கொண்டே கடப்பார். உங்களால் முடியாது.

அதனால் அந்த மாடலை ஏற்கனவே வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால் "ஏதாவது பிரச்சினை வந்ததா?" என்று கேட்காதீர்கள், ஆசையாக வாங்கிய வண்டியை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "இதுவரை மொத்தம் எத்தனை நாள் வண்டி சர்வீஸ் சென்டரில் நின்றது?" என்று கேளுங்கள். அப்போதுதான் கதை வெளியே வரும். சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டியதும் இதே பாணியில்தான்: இந்த மாடலைக் கையாளப் பயிற்சி பெற்ற மெக்கானிக் எத்தனை பேர், டயக்னாஸ்டிக் கருவி இங்கேயே இருக்கிறதா, கிளட்ச் லீவர், கியர் லீவர் மாதிரி விழுந்தால் உடையும் பாகங்கள் வர எத்தனை நாள்? கியர் லீவருக்காக ஒரு பைக் மூன்று வாரம் நின்றால் அதை நம்பகமான வண்டி என்று எப்படிச் சொல்வது?

கம்பெனியின் நிலைமையையும் ஒருமுறை பாருங்கள். கேடிஎம் 2024 நவம்பரில் கடன் சுமையால் நீதிமன்றம் போனது, அதைத் தொடர்ந்து ஆலை சில மாதங்கள் நின்றது, பிறகு பஜாஜ் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தியது. எம்வி அகுஸ்டா பல முறை கைமாறியிருக்கிறது, அதை வைத்திருப்பவர்கள் ஸ்பேருக்காகப் பட்ட பாடு தனிக் கதை. வண்டியின் தரம் வேறு, கம்பெனியின் பணப்பெட்டி வேறு, ஆனால் ஸ்பேர் வருவது இரண்டாவதைப் பொறுத்தது.

காத்திருப்பது என்றால் எதற்காகக் காத்திருப்பது? நான் மூன்று விஷயம் பார்ப்பேன். இன்ஜின் குறை பற்றிக் கம்பெனி ஏதாவது சொல்கிறதா, குறைந்தது பாக எண்ணாவது மாறுகிறதா என்பது ஒன்று. ஆரம்பத்தில் வாங்கியவர்கள் 15,000, 20,000 கிலோமீட்டரைத் தாண்டி என்ன சொல்கிறார்கள் என்பது இரண்டு. இரண்டாம் வருட வண்டி சத்தமில்லாமல் திருத்தப்பட்டு வருகிறதா என்பது மூன்று. ஏறத்தாழ ஒரு வருடத்தில் மூன்றும் தெரிந்துவிடும். அந்த இடைவெளியில் ஒரு சின்னப் பழைய வண்டி வாங்கி வேலைக்கு ஓட்டினால், பின்னால் ஸ்போர்ட் பைக் வரும்போது உங்களிடம் இரண்டு வண்டி இருக்கும். என் மறுப்பில் பாதி அங்கேயே போய்விடும்.

அந்தச் சமயத்தில் ஒரு தூண்டிலும் வரும். புது வருட மாடல் வந்ததும், விற்காமல் நிற்கும் பழைய தொகுதி வண்டிகளை நல்ல தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது நீங்கள் தவிர்க்கக் காத்திருந்த அதே முதல் தொகுதி. சேசிஸ் எண்ணை வாங்கி, அதற்கு ரீகாலோ சர்வீஸ் அறிவிப்போ பாக்கி இருக்கிறதா, செய்து முடித்தார்களா என்று கம்பெனியிடமே கேட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்திருந்தால் தாராளமாக வாங்கலாம், உண்மையில் நல்ல பேரம்.

இதையெல்லாம் படித்தபிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் (பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள், தெரியும்), வாரன்டி தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டினால் வாரன்டி உண்டா, எக்ஸாஸ்ட் மாற்றினால் என்ன ஆகும், சர்வீஸ் எத்தனை நாள் தள்ளிப்போனால் ரத்தாகும் என்பதெல்லாம் சின்ன எழுத்தில்தான் இருக்கும். நீட்டிப்பு வாரன்டி கிடைத்தால் இந்த வண்டிக்கு எடுங்கள். மற்ற வண்டிக்கு நான் அவ்வளவாகச் சொல்ல மாட்டேன்.

முதல் சர்வீஸ், பெரும்பாலும் 1,000 கிலோமீட்டரில் வருவது, தள்ளிப்போட வேண்டாம். புது இன்ஜின் உதிர்க்கும் உலோகப் பொடியெல்லாம் அந்த ஆயிலில்தான் இருக்கும். அதன்பிறகும் வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் விளக்கு எரியும்வரை காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அது அழுத்தம் விழுந்தபிறகு எரிவது, அளவு குறையும்போது அல்ல.

கடைசியாக, ஆஃப் ஆவதோ சத்தமோ எது வந்தாலும் அன்றைக்கே போனில் வீடியோ எடுங்கள், ஓடோமீட்டரும் அதில் தெரியட்டும். சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வராமல் ஜாப் கார்டில் எழுதவைத்து, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். "பார்த்தோம், ஒன்றுமில்லை" என்று திருப்பிக் கொடுத்தால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரன்டி முடிந்த மறுவாரம் அதே குறை பெரிதாகி நின்றால், அந்தக் காகிதம் இருப்பவர்தான் கம்பெனியிடம் பேச முடியும்.